மாலத்தீவு: அறையை அப்புறம் பாருங்கள், படகை முதலில் பாருங்கள்

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்:

"ஆகஸ்ட் முதல் வாரம் மாலத்தீவு போகிறோம், ஐந்து இரவு. நான், கணவர், ஆறு வயது மகள், மாமனார், மாமியார். விமான டிக்கெட் எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை மாலை 5.40க்கு மாலேயில் இறங்குகிறோம், புதன்கிழமை காலை 8.15க்குத் திரும்புகிறோம். ஒரு ரிசார்ட்டில் காலை உணவோடு ஓர் அறை இரவுக்கு 220 டாலர் என்று போட்டிருக்கிறார்கள், எங்களுக்கு இரண்டு அறை வேண்டும். அங்கே சீப்ளேனில்தான் போக முடியுமாம், போய்வரப் பெரியவர்களுக்கு ஆளுக்கு 420 டாலர், குழந்தைக்கு 210. கணவரின் நண்பர்களோ ரிசார்ட் தண்டச் செலவு, உள்ளூர்க்காரர்கள் வாழும் தீவில் தங்குங்கள் என்கிறார்கள். மாமனாருக்கு முதுகுவலி, நீச்சலும் தெரியாது. மாமியார் சுத்த சைவம், தினமும் பூஜை செய்பவர். தண்ணீர் மேல் கட்டிய வில்லாவில் ஒரு ராத்திரியாவது தூங்க வேண்டும் என்பது என் ஆசை, கணவருக்கு மாண்டா திருக்கை பார்க்க வேண்டும். ஆகஸ்டில் மழை என்கிறார்களே? ரிசார்ட்டுக்கு முன்பணம் கட்டிவிடலாமா?"

கட்டாதீர்கள். ரிசார்ட் மோசம் என்று சொல்லவில்லை, உங்கள் விமான நேரத்துக்கும் அந்த ரிசார்ட்டுக்கும் ஒத்து வராது. சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். கடல் மேல் இறங்குவதற்கு ஓடுதளமும் விளக்கும் கிடையாது, பைலட் கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். அன்றைய கடைசி சீப்ளேனைப் பிடிக்க வேண்டுமானால் பொதுவாக மதியம் 3.30க்குள் மாலே விமான நிலையத்தில் இறங்கியிருக்க வேண்டும். நீங்கள் இறங்குவது 5.40க்கு. எனவே முதல் ராத்திரி விமான நிலையத்தின் பக்கத்திலேயே ஏதாவது ஓட்டலில் படுத்துவிட்டு மறுநாள்தான் ரிசார்ட்டுக்குப் போக முடியும். திரும்பும்போதும் இதே கதைதான். காலை 8.15 விமானத்துக்கு 5 மணி வாக்கில் விமான நிலையத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு எந்தச் சீப்ளேனும் கிளம்பியிருக்காது, ஆகவே செவ்வாய்க்கிழமை பிற்பகலே ரிசார்ட்டைக் காலி செய்துவிட்டு மாலே வந்து இன்னொரு ராத்திரி தங்க வேண்டும். நீங்கள் போட்ட ஐந்து இரவில் கையில் நிற்பது மூன்று. இதை முன்பதிவுப் பக்கத்தில் யாரும் கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள், உங்கள் விமானம் எத்தனை மணிக்கு என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியவே தெரியாது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். 220 டாலர், இரண்டு அறை, ஐந்து இரவு, மொத்தம் 2,200. உங்கள் மனதில் இருக்கும் தொகை இதுதான் என்று நினைக்கிறேன். இதன் மேல் 10% சேவைக் கட்டணம் ஏறினால் 2,420. அந்தத் தொகைக்கு 17% சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம், சேர்த்தால் ஏறக்குறைய 2,831. அப்புறம் பசுமை வரி என்று ஒன்று. ரிசார்ட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், 2025 ஜனவரியில் இரட்டிப்பாக்கினார்கள். கைக்குழந்தைக்குத்தான் விலக்கு, ஆறு வயதுக்குக் கிடையாது, ஆகவே ஐந்து பேருக்கு ஐந்து நாளுக்கு 300. சீப்ளேன் 1,890. கூட்டிப் பாருங்கள், 5,021 டாலர். இதில் மதியச் சாப்பாடும் இல்லை, ராத்திரிச் சாப்பாடும் இல்லை. தீவில் வேறு கடையே கிடையாது என்பதால் அவர்கள் போட்ட விலைக்குத்தான் சாப்பிட வேண்டும், ஒரு பாட்டில் தண்ணீர் உட்பட. சில தளங்கள் வரியைச் சேர்த்தே காட்டும், சில தளங்கள் கடைசிப் பக்கத்தில்தான் சேர்க்கும், அதனால் "வரி, சேவைக் கட்டணம், பசுமை வரி, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு மொத்தம் எவ்வளவு" என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் எந்த ரிசார்ட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

போய்ச் சேருவதற்கே ஏன் இத்தனை செலவு என்றால் அந்த நாடு அமைந்திருக்கும் விதம் அப்படி. ஏறக்குறைய 1,200 குட்டித் தீவுகள், பவளத் திட்டுகள் வளையம் வளையமாகச் சேர்ந்த அட்டோல்கள் 26, வடக்கிலிருந்து தெற்கே 860 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. 1972ல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். மாலேயில் இறங்கி டாக்சி பிடித்துப் போகிற இடங்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் மாலே நகரமும், விமான நிலையத்தின் பக்கமே ஹுல்ஹுமாலேயும்தான். மற்றதெல்லாம் ஸ்பீட்போட், உள்நாட்டு விமானம், சீப்ளேன். அதனால் மாலத்தீவைத் திட்டமிடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்ஜெட்டைக்கூட இல்லை, விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பதைத்தான். அதுதான் எந்தத் தீவு என்பதைத் தீர்மானிக்கும். சீப்ளேன் அருமையான அனுபவம், மறுக்கவில்லை. பைலட்டுகள் வெறுங்காலோடு ஓட்டுவார்கள், பவள வளையங்கள் ஜன்னலுக்குக் கீழே ஒவ்வொன்றாக நகரும். ஆனால் மதியம் இறங்கி மதியம் கிளம்புகிறவர்களுக்கு அது, உங்களுக்கு இந்தத் தடவை இல்லை.

நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. 2009க்குப் பிறகு ஜனங்கள் வாழும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி திறந்துவிட்டது, இன்றைக்கு 60, 80, 100 டாலருக்கு ஏசி போட்ட சுத்தமான அறை கிடைக்கும். 50 அறைக்குள் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ் என்றால் பசுமை வரியும் பாதிதான், 6 டாலர். ரிசார்ட்டில் பார்க்கும் அதே கடல், அதே நிறம். பள்ளிக்கூடம், மசூதி, மளிகைக்கடை, சாயங்காலம் கயிற்றுப் பின்னல் நாற்காலிகளில் உட்கார்ந்து கதை பேசும் ஆட்கள் என்று ஓர் ஊரையும் பார்க்கலாம், என்னைக் கேட்டால் ரிசார்ட்டில் கிடைக்காதது அதுதான். அவர்கள் சொல்லாமல் விட்ட பாதி: உள்ளூர்த் தீவில் மது கிடையவே கிடையாது, அது இஸ்லாமிய நாடு, சட்டம் அப்படி. நீச்சலுடையில் குளிக்க பிகினி பீச் என்று தனியாக மறைத்து ஒதுக்கிய கடற்கரை இருக்கும், அதற்கு வெளியே தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இது கஷ்டமாக இருக்காது என்றே தோன்றுகிறது, சொல்லப்போனால் அவர்களுக்கு ரிசார்ட்டைவிட இங்கேதான் சகஜமாக இருக்கும். ஆனால் அந்த பிகினி பீச் சில தீவுகளில் நீளமான வெண்மணலாக இருக்கும், சிலவற்றில் இரண்டு தென்னைக்கு நடுவே ஒரு மூலையாக இருக்கும். கெஸ்ட் ஹவுஸ் போடும் படத்தை நம்பாமல் செயற்கைக்கோள் வரைபடத்தில் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள், மணல் எங்கே, துறைமுகம் எங்கே, உங்கள் அறையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மழையைப் பற்றி. ஆம், ஆகஸ்ட் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம், மே முதல் நவம்பர் வரை அது இருக்கும். வறண்ட மாதங்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, விலை எகிறுவதும் அப்போதுதான். ஆகஸ்டில் மழை ஒரு மணி, இரண்டு மணி அடித்துப் பெய்துவிட்டு வெயில் வருவதும் உண்டு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மூடிக்கொண்டு கிடப்பதும் உண்டு. ஐந்து இரவில் உங்களுக்கு எது கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது, கொடுத்தால் நம்பாதீர்கள். மழையைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது காற்று. அது மேற்கிலிருந்து வருகிறது, அதனால் தீவின் மேற்குப் பக்கம் அலை அடிக்கும், நீர் கலங்கும், சில தீவுகளில் அந்தப் பக்கத்து மணலையே கடல் எடுத்துக்கொண்டு போய் மறுபக்கம் சேர்த்துவிடும், பருவம் மாறினால் திரும்பக் கொண்டுவந்து போடும். ரிசார்ட்டுகளில் சூரியன் மறையும் பக்கத்து அறைகளுக்குக் கூடுதல் விலை வைப்பார்கள். ஜனவரியில் அது நியாயம். ஆகஸ்டில் நான் குறைந்த விலையில் உதயத்தின் பக்கம், அதாவது கிழக்குப் பக்கத்து அறையைத்தான் எடுப்பேன். குழந்தையை இறக்கி விளையாட விடுவதற்கு அமைதியான தண்ணீர் அங்கேதான் இருக்கும்.

உங்கள் கணவருக்கு ஆகஸ்ட் நல்ல மாதம், இதை அவரிடம் சொல்லுங்கள். தென்மேற்குக் காற்றின்போது மிதவை உயிரிகள் அட்டோல்களின் கிழக்கு ஓரமாகத் திரளும், மாண்டா திருக்கைகள் அதைத் தின்ன அந்தப் பக்கம் வரும். எல்லாரும் சொல்வது பா அட்டோலின் ஹனிஃபாரு குடாவை, யுனெஸ்கோ 2011ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி. அங்கே காற்றுத் தொட்டியோடு முங்கும் ஸ்கூபா கிடையாது, குழாய் வழியாக மூச்சுவிட்டு மேலே மிதந்தபடி பார்க்கும் ஸ்நோர்கெல் மட்டும், வழிகாட்டியோடு, குறிப்பிட்ட நேரம். காட்சி அபாரமாக இருக்கும்தான், ஆனால் அங்கே போக பெரும்பாலும் உள்நாட்டு விமானம் ஏறி தாரவந்தூ தீவுக்குப் போக வேண்டும், ஐந்து பேர், முதுகுவலி, ஐந்து இரவு, இந்தக் கணக்கில் நான் அதைச் சேர்க்க மாட்டேன். வட மாலே அட்டோலின் கிழக்கு ஓரத்தில் லங்கன்ஃபினோலு தீவுப் பக்கம் மாண்டா பாயின்ட் என்றே பெயர் வாங்கிய பவளப்பாறை இருக்கிறது. அங்கே திருக்கைகள் சின்ன மீன்களிடம் உடம்பைக் காட்டிச் சுத்தம் செய்துகொள்ள வந்து நிற்கும், காலம் மே முதல் நவம்பர் வரை. அரை நாள் படகுப் பயணமாகப் போய்வந்துவிடலாம். அவர் மட்டும் போகட்டும், நீச்சல் நன்றாகத் தெரிந்திருந்தால். அது திறந்த கடலை ஒட்டிய இடம், நீரோட்டம் உண்டு, மகளுக்கும் மாமனாருக்கும் அங்கே வேலையில்லை.

மாமனாரின் முதுகு. ஸ்பீட்போட் என்றால் வழுக்கிக்கொண்டு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். காற்றுக் காலத்தில் அது அலையில் ஏறி ஏறி விழும், முன்பக்கம் உட்கார்ந்தவருக்கு ஒவ்வோர் அலையும் நேராக முதுகில் இறங்கும். எஞ்சினுக்குப் பக்கத்தில், பின்வரிசையில் உட்கார வையுங்கள், புகை கொஞ்சம் அடிக்கும், ஆனால் ஆட்டம் பாதியாகிவிடும். இதற்காகச் சீக்கிரம் போய் இடம் பிடிக்க வேண்டியிருந்தாலும் பிடியுங்கள். எந்தத் தீவு என்பதும் இதில்தான் முடிவாகும். அட்டோல் வளையத்துக்கு உள்ளே கடல் ஓரளவு அடங்கியிருக்கும், இரண்டு அட்டோலுக்கு இடையே இருக்கும் ஆழமான கால்வாயைக் கடக்கும்போதுதான் தூக்கிப் போடும். எல்லாரும் போகும் மாஃபுஷி தீவு தென் மாலே அட்டோலில் இருக்கிறது. விலை மலிவு, படகுகள் அதிகம், போட்டி அதிகம் என்பதால் கடல் பயணங்களும் மலிவு, ஆனால் விமான நிலையத்திலிருந்து போக வாதூ கால்வாயைத் தாண்ட வேண்டும், தீவும் இப்போது உயரமான ஓட்டல்களாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. விமான நிலையம் இருக்கும் வட மாலே அட்டோலிலேயே ஹுரா, துலுஸ்தூ, டிஃபுஷி இருக்கின்றன, கால்வாய் தாண்ட வேண்டியதில்லை. உங்களுக்கு நான் டிஃபுஷி என்பேன், சின்னது, பெரியவர்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். துலுஸ்தூ அலைச்சறுக்கு ஆட்களின் தீவு, ஆகஸ்ட் அவர்களுக்கு உச்சகட்டம், அறை கிடைப்பது சிரமம்.

சரி, திட்டம் இதுதான். முதல் மூன்று இரவு, வெள்ளி, சனி, ஞாயிறு, டிஃபுஷியிலோ ஹுராவிலோ கெஸ்ட் ஹவுஸ். கடைசி இரண்டு இரவு வட மாலே அட்டோலிலேயே, விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் அரை மணிக்குள் போகக்கூடிய ரிசார்ட். ஏன் இந்த வரிசை என்றால், வந்த ராத்திரி எங்கே போனாலும் சாப்பிட்டுத் தூங்கத்தான் போகிறீர்கள், அதற்கு ரிசார்ட் வாடகை கொடுப்பானேன். திரும்பும் நாளில் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டும், உள்ளூர்த் தீவுப் படகுகளுக்கு நேரம் குறித்திருக்கும், அந்த அகால வேளையில் ஓடாது, பக்கத்து ரிசார்ட்டுகளோ விருந்தாளியின் விமான நேரத்துக்குப் படகு விடுவார்கள். எந்த நேரத்துக்கும் விடுவீர்களா, ராத்திரிக்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுவிட்டே முன்பதிவு செய்யுங்கள். 80 டாலர் அறை இரண்டு, மூன்று இரவு என்று வைத்தால் வரி, பசுமை வரி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 710 டாலர் வரும். உள்ளூர் ஸ்பீட்போட் ஒரு வழிக்கு ஆளுக்குப் பெரும்பாலும் 20, 30 டாலருக்குள். மிச்சமாகும் பணத்தில் ரிசார்ட்டின் இரண்டு இரவையும் கொஞ்சம் தாராளமாகவே எடுக்கலாம், அங்கே ராத்திரிச் சாப்பாடும் சேர்ந்த ஹாஃப் போர்டாவது எடுங்கள், காலை உணவு மட்டும் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, வெள்ளிக்கிழமை. அன்று அங்கே விடுமுறை, அரசு ஃபெர்ரிகள் பெரும்பாலும் ஓடாது, தனியார் படகுகளின் நேரமும் மாறும். நீங்கள் 5.40க்கு இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வரும்போது ஏழு மணியை நெருங்கிவிடும். அறையை முன்பதிவு செய்வதற்கு முன்பே கெஸ்ட் ஹவுஸுக்கு எழுதி, இந்த விமானத்தில் வருகிறோம், வெள்ளிக்கிழமை ராத்திரி எங்களுக்குப் படகு உண்டா, விமானம் தாமதமானால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள்தான் படகில் இடமும் போட்டுத் தருவார்கள், விமான நிலையத்தில் பெயர்ப் பலகையோடு ஆளும் நிற்பார். உறுதியான பதில் வராவிட்டால் அலட்டிக்கொள்ளாமல் அந்த ஓர் இரவை மட்டும் ஹுல்ஹுமாலேயில் போடுங்கள், டாக்சியில் கால் மணி நேரம், காலையில் வெளிச்சத்தில் படகேறலாம். தனி ஸ்பீட்போட் அமர்த்தலாம் என்று யாராவது சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வில்லா ஆசையை நான் கெடுக்கப் போவதில்லை, ஆனால் உங்கள் மகளுக்கு ஆறு வயது. தண்ணீர் வில்லாக்களில் பலவற்றின் மேடைக்குக் கைப்பிடியே இருக்காது, படி நேராகக் கடலுக்குள் இறங்கும், சில ரிசார்ட்டுகள் இந்த வயதுக் குழந்தைகளைத் தண்ணீர் வில்லாவில் அனுமதிப்பதும் இல்லை. மாமனார், மாமியாரை நீளமான மரப்பாலத்தில் ராத்திரி நடக்க வைப்பதும் நன்றாக இருக்காது. ஆகவே ரிசார்ட்டில் பெரியவர்களுக்குக் கடற்கரை வில்லா, மகள் அவர்களோடு படுத்துக்கொள்ளட்டும், நீங்களும் கணவரும் கடைசி இரண்டு இரவுக்குத் தண்ணீர் வில்லா. தாத்தா பாட்டியோடு வரும் பயணத்தில் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவானேன். மூன்று பேர் ஓர் அறையில் தங்க அனுமதி உண்டா, குழந்தைக்குக் கூடுதல் கட்டில் இலவசமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

மாமியார் விஷயத்தில் இரண்டு. முதலாவது சாப்பாடு. அந்த ஊர்ச் சமையலின் அஸ்திவாரமே சூரை மீன். காலையில் மஸ் ஹுனி என்று தேங்காய்த் துருவலோடு சூரையைப் பிசைந்து வைப்பார்கள், கருதியா என்ற தெளிவான மீன் சாறு, சாயங்காலத் தின்பண்டங்களுக்குள்ளும் அதே மீன், பார்க்க வெறும் தேங்காய்ப் பொரியல் போல இருப்பதிலும் மாசிக்கருவாட்டுத் தூள் விழுந்திருக்கும். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொண்டு மீனை வைக்கும் இடங்கள் உண்டு. மீன், மாசி, முட்டை எதுவும் கூடாது என்று பிரித்து முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ரோஷி நம் சப்பாத்தி மாதிரிதான், பருப்பு, சாதம், காய் செய்து தருவதில் கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்குச் சிரமம் இல்லை, சின்ன இடம் என்பதால் சமையல்காரரிடம் நேராகவே பேசலாம். காய்கறி அங்கே இறக்குமதிதான், வகைவகையாக எதிர்பார்க்க வேண்டாம். ஊறுகாயும் பொடியும் பெட்டியில் இருக்கட்டும்.

இரண்டாவது பூஜை. இதை முன்பே சொல்லிவிடுங்கள், விமான நிலையத்தில் போய்த் தெரிந்தால் அவருக்கு மனம் ஒடிந்துவிடும்: வழிபாட்டுக்கான சிலைகளை மாலத்தீவுக்குள் கொண்டுபோகத் தடை. கைக்குள் அடங்கும் பிள்ளையார் விக்கிரகமானாலும் வீட்டிலேயே இருக்கட்டும். கழுத்தில் இருக்கும் நகையையும் நெற்றித் திருநீற்றையும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அறைக்குள் உட்கார்ந்து ஸ்லோகம் சொல்வது அவர் இஷ்டம். மதுவும் பன்றி இறைச்சிப் பொருள்களும் இதே தடைப் பட்டியலில் வரும். வழியில் டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிவிட்டால் சுங்கத்தில் வாங்கி வைத்து ரசீது கொடுப்பார்கள், திரும்பும்போது பெற்றுக்கொள்ளலாம், ஆனால் எதற்கு அந்த வேலை. மின்சிகரெட்டுக்கும் 2024 இறுதியிலிருந்து தடை, கணவர் அதைப் பிடிப்பவர் என்றால் அதுவும் வீட்டிலேயே.

காகித வேலை பெரிதாக இல்லை. இறங்கியதும் ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் 30 நாள் விசா இலவசம், இந்தியக் கடவுச்சீட்டு என்றால் 90 நாள். தங்குமிட முன்பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்க வேண்டும், இரண்டு இடத்தில் தங்குவதால் இரண்டின் தாளையும் எடுத்து வையுங்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசுத் தளத்தில் ஒவ்வொருவருக்கும் படிவம் நிரப்ப வேண்டும், போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் தளம் எதிரில் வந்தால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். வெளியேறும் வரி டிக்கெட்டிலேயே சேர்ந்துவிட்டது, அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ரொக்கம் சின்னச் சின்ன டாலர் நோட்டுகளாக, கிழியாத, கிறுக்காத நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். படகு, கடல் பயணம், கெஸ்ட் ஹவுஸ் கணக்கு எல்லாம் டாலரில் ஓடும், தீவின் மளிகைக்கடையிலும் டீக்கடையிலும் ருஃபியா, ஒரு டாலருக்கு 15.42. ஏடிஎம்மில் ருஃபியாதான் வரும், நிறைய எடுத்துவிட்டால் ஊர் திரும்பியபின் மாற்றுவது பெரும்பாடு. பல ரிசார்ட்டுகள் மாலே நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கடிகாரத்தை வைத்திருப்பார்கள், விருந்தாளிகளுக்குச் சாயங்கால வெளிச்சம் நீளட்டும் என்று. கைபேசி மாலே நேரம் காட்டும், சுவர்க் கடிகாரம் ரிசார்ட் நேரம் காட்டும். புதன்கிழமை விடியற்காலைப் படகு 4.30 என்றால் எந்த 4.30 என்று வரவேற்பறையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலில் இறங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மாமனாருக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு பவளப்பாறைக்கு உள்ளே அமைதியாகக் கிடக்கும் கடலில், அதாவது லகூனில், இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்தாலே காலைச் சுற்றி மீன்கள் வரும், அதற்கு நீச்சல் தேவையில்லை. மகளுக்கு முழுக்கைக் குளியல் சட்டை வாங்குங்கள், முதுகெல்லாம் களிம்பு பூசி அது தண்ணீரில் கரைந்து பவளத்துக்குக் கெடுதல் செய்வதைவிட அது மேல், முதுகும் காயாது. ஸ்நோர்கெல் பழக்கம் இல்லையென்றால் பவளப்பாறையின் விளிம்புக்குப் போகாதீர்கள், விளிம்பைத் தாண்டினால் ஆழமும் நீரோட்டமும் ஒன்றாக வரும். கால் எட்டுகிறதே என்று பவளத்தின் மேல் நிற்கவும் வேண்டாம், அது உயிருள்ளது, காலையும் கிழிக்கும். கணவர் அங்கே ஸ்கூபா செய்து பார்க்க ஆசைப்பட்டால் திங்கட்கிழமைக்குள் முடித்துக்கொள்ளட்டும், கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளாவது இருக்க வேண்டும். அப்புறம் கிளம்பும் ராத்திரி மகளின் பையைத் திறந்து பாருங்கள், கரையில் பொறுக்கிய வெள்ளைப் பவளத் துண்டுகள் கண்டிப்பாக இருக்கும், அவற்றை நாட்டைவிட்டு எடுத்துப் போக அனுமதி இல்லை, அங்கேயே மணலில் போட்டுவிட்டு வாருங்கள்.